துறவி ஏன் அழுதார்?



நம்ம செட்டில் பாதிப் பேருக்கு இன்று அப்பாவோ அம்மாவோ இல்லை. காலையில் நாம் ஒருவரையொருவர் விசாரித்ததே அதைத்தான். அதனால்தான் இந்தத் தலைப்பு.

புறநானூற்றின் 112ஆம் பாட்டு, பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியது. ஐந்தே அடி. அப்பாவின் புகழ் ஒன்றும் அதில் இல்லை. முன்பு நிலா காய்ந்தபோது அப்பாவும் இருந்தார், பறம்பு மலையும் இருந்தது. இப்போது இரண்டும் போச்சு. அவ்வளவுதான்.

பட்டினத்தார் கதை வேறு. சொத்து, சுற்றம் எல்லாம் உதறியவர், தாய்க்குக் கொள்ளி வைக்க மட்டும் வந்து நின்றார். பச்சை வாழைமட்டை அடுக்கித் தீ மூட்டினார் என்பது வழக்கு. அங்கே பாடியவை பத்து வெண்பா. "துறவிக்கு அழுகை எதுக்கு சார்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆனா அவர் அழுகை சடங்கை ஒட்டியே வருது, பாருங்க. இந்த வாய்க்கு நானா அரிசி போடுவது என்கிறார். இந்த உடம்புக்கு நானா தீ வைப்பது என்கிறார். கேட்டுக்கொண்டே இரண்டையும் செய்கிறார். கடைசி வெண்பாவில்தான் குரல் மாறுது. பால் தெளிக்க எல்லாரையும் கூப்பிடுகிறார், வருந்த வேண்டாம், எல்லாம் சிவனே என்கிறார்.

இரங்கல் கூட்டங்களில் அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். முந்தைய ஒன்பதை யார் சொல்வது?

விடுதிப் பிள்ளைகளில் அண்மையில் பெற்றோரை இழந்தவர் இருந்தால், சாப்பாட்டுக்கு அப்புறம் என்னிடம் வாங்க. பத்தையும் முதலிலிருந்து சேர்ந்து படிப்போம்.