"இதுல யாரு தம்பி?" – கடல் இல்லாத ஊரில் ஒரு கடல் படம்

இன்னைக்கு எபிசோட் எங்க ஊர் சங்கரன்கோவிலிலிருந்து. இந்தப் பேரைச் சொன்னா ஆடித்தபசு ஞாபகம் வரும், பூ மார்க்கெட் வரும், பிரியாணி வரும். கடல் வராது. ஆனா எங்க வீட்டு ஹாலில் இப்போ ரெண்டடி அகலத்துக்கு ஒரு கடல் தொங்குது.

தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் நான் எடுத்த போட்டோ அது. மணல் குன்று, அதன் மேலே 1581-ல் கட்டின திருச்சிலுவைக் கோயில், கீழே காலை வெளிச்சத்தில் கடல். அதைப் பிரிண்ட் போட்டு, சட்டம் போடக் கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் படத்தைப் பார்த்துட்டுக் கேட்டார்: "இதுல யாரு தம்பி?"

சிரிப்பு வந்துச்சு. நம்ம வீடுகளில் கண்ணாடி போட்டு மாட்டுறது பெரும்பாலும் ரெண்டு வகைதானே: சாமி, இல்லைன்னா இறந்துபோனவங்க. "யாரும் இல்லண்ணே, கடல்தான்"னு சொன்னேன்.

ஆனா அது பொய். அசல் படத்தில் ஓரமா ரெண்டு பேர் உட்கார்ந்து வலை சரி பண்ணிட்டு இருந்தாங்க. படம் 'சுத்தமா' இருக்கணும்னு நான்தான் அவங்களை வெட்டி எடுத்தேன்.

வெறும் கடலை எடுக்கிறது தப்பில்லை. ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980-லிருந்து கடலும் வானமும் மட்டுமே இருக்கிற படங்களை எடுத்தார். ஆதி மனுஷன் பார்த்த கடலை நாமும் பார்க்க முடியுமா என்பது அவர் கேள்வி. 1850-களில் பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே, வானத்துக்கு ஒண்ணு, கடலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு நெகட்டிவைச் சேர்த்தே பிரிண்ட் போட்டார். அன்னைக்கு ஒரே நெகட்டிவில் ரெண்டும் சரியா விழாது. அவங்களுக்குக் காரணம் இருந்தது. எனக்கு? ஹோட்டல் ரூம் படம் மாதிரி இருக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்.

திரும்பி வந்து முழுப் படத்தையும் மறுபடி பிரிண்ட் போட்டேன். இந்தத் தடவை ஒழுங்கா.

நீங்களும் போடப் போறீங்கன்னா, சில விஷயங்கள். 24 மெகாபிக்சல் படம்னா சுமார் 6000-க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வெச்சா, 20-க்கு 13 அங்குலம் வரை தெளிவா வரும். வெட்ட வெட்ட அந்த அளவும் குறையும். பிக்மென்ட் மையில், அமிலம் இல்லாத பருத்திக் காகிதத்தில் போடச் சொல்லுங்க, சீக்கிரம் மஞ்சளாகாது.

முக்கியமானது, படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. எங்க ஆச்சியோட ஒரே படம், மழைக்காலத்து ஈரத்தில் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. பிரிச்சப்போ முகமே உரிஞ்சு வந்துடுச்சு. அதனாலதான் நடுவில் மவுண்ட் போர்டு. அது அழகுக்கு மட்டும் இல்லை, காத்துக்கு இடம் விடுறதுக்கு. படம் முழுக்கப் பசை தடவ விடாதீங்க. மேல் விளிம்பில் மட்டும் பிடிச்சா போதும். நேர் வெயில் படுற சுவரும், ஓதம் ஏறுற சுவரும் வேண்டாம்.

இப்போ வீட்டுக்கு வர்றவங்க யாரும் சூரிய உதயத்தைப் பத்திக் கேட்கிறதில்லை. விசைத்தறி ஓட்டுற எங்க அப்பா, படத்துக்குக் கிட்டப் போய் ரொம்ப நேரம் பார்த்தார். "நூலைப் பிடிச்சிருக்கிற பிடியைப் பாரு, கைகாரன்"னார்.

அதே படத்தில் இன்னும் ரெண்டு பிரிண்ட் போட்டு வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை மணப்பாடு போறேன். அந்த ரெண்டு பேர் யாருன்னு கேட்டு, ஆளுக்கு ஒண்ணு கொடுக்கணும். கடைக்கார அண்ணனுக்கு நான் இன்னும் பதில் பாக்கி.