ஐம்பத்திரண்டாம் வருஷம்

(விவசாயத் தொழிலாளரும் மில் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம், "உங்கள் ஆயுசில் பெரிய வருஷம் எது?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். நாற்பத்தேழு என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். அவர்கள் சொன்னது ஐம்பத்திரண்டு. "சட்டம் வந்த வருஷம், புயல் வந்த வருஷம்" என்பார்கள். சட்டத்தையும் புயலையும் ஒரே மூச்சில் ஏன் சொன்னார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே புரிந்தது.

உழைக்கும் ஜனங்கள் எங்கிருந்தாலும் அவர்களுக்கு இப்படி ஒரு வருஷம் இருக்கிறது. பிரிட்டன் தீவின் மேற்கே வேல்ஸ் என்று ஒரு சிறு நாடு. இரும்பும் நிலக்கரியும் எடுத்த தொழிலாளிகளின் நாடு. 1831ஆம் வருஷம் அங்கே மெர்தர் டிட்வில் என்ற இரும்பாலை ஊரில், கூலிக் குறைப்பையும் கடன் கோர்ட்டையும் எதிர்த்து ஜனங்கள் எழுந்தார்கள். செங்கொடி தூக்கினார்கள். பட்டாளம் வந்து சுட்டது. டிக் பென்டரின் என்று ஊர் அழைத்த இளம் தொழிலாளியைக் கார்டிஃப் நகரில் தூக்கிலிட்டார்கள். அந்த நாட்டுத் தொழிலாளிகள் அந்த வருஷத்தை மறக்கவில்லை. நாம் நம்முடைய வருஷத்தைப் பற்றிப் பேசுவோம்.

மில் தோழர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பண்ணையாள் என்றால் கூலியாள் என்று நினைத்துவிடாதீர்கள். கூலியாள் வேலை முடிந்தால் போய்விடுவான். பண்ணையாள் போக முடியாது. அவன் குடிசை நிற்கும் மனை மிராசுதாருடையது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் மிராசுதாருடையது. அவன் மாட்டை மேய்ப்பான், மனைவி நடவு நடுவாள், பிள்ளை சாணி பொறுக்கும். சேரியே ஒரு பண்ணையின் கணக்கில் அடங்கும். ஏறிட்டுப் பார்த்தால் சவுக்கடி. அதற்குமேல் வாய் திறந்தால் சாணிப்பால். நெல் அளக்கும் மரக்கால்கூட இரண்டு உண்டு என்பார்கள். வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று. கொடுக்கும் மரக்காலில் பதரும் கருக்காயும் தாராளமாக இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மிராசுதார் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

1943இல் மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. கன்னட தேசத்திலிருந்து வந்த தோழர் பி. சீனிவாசராவ், தமிழை இங்கேயே பேசிப் பழகி, சேரிக் குடிசைகளில் படுத்து எழுந்து சங்கம் கட்டினார். சவுக்கடி நிற்க வேண்டும், சாணிப்பால் ஒழிய வேண்டும், முத்திரையிட்ட மரக்காலால் அளக்க வேண்டும். இவைதாம் கோரிக்கைகள். நிலம் வேண்டும் என்றுகூட அப்போது கேட்கவில்லை. 1944இல் மன்னார்குடியில் மிராசுதார்கள் சங்கத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் செய்ய வேண்டியதாயிற்று. பண்ணையாளின் பிரதிநிதியும் மிராசுதாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். அதுவே ஒரு அதிசயம்.

பிறகு வந்தது அடக்குமுறை. களப்பால் குப்பு சிறையில் மாண்டார். மலேயாவில் தொழிற்சங்கம் கட்டித் திரும்பிய வாட்டாக்குடி இரணியனும், ஜாம்பவானோடை சிவராமனும் 1950இல் போலீஸ் குண்டுக்கு இரையானார்கள். இயக்கம் ஒழிந்தது என்று பண்ணை வீடுகளில் நிம்மதி பிறந்தது.

அந்த நிம்மதி 1952 ஜனவரி வரைதான். வயது வந்த எல்லோருக்கும் வோட்டு என்ற முதல் பொதுத் தேர்தல் வந்தது. நேற்றுவரை மிராசுதார் வீட்டு வாசலில் நிற்கப் பயந்தவன், பெட்டிக்கு முன்னால் தனியாக நின்றான். அங்கே கார்வாரி இல்லை, ஏஜண்டு இல்லை. மன்னார்குடியில் மணலி கந்தசாமி ஜெயித்தார். சென்னை ராஜ்யம் முழுவதிலும் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான் கிடைத்தது, கம்யூனிஸ்டுகளுக்கு 62. ராஜாஜியைத் தேர்தலில் நிற்காமலே மேல்சபைக்கு நியமித்து, ஏப்ரலில் முதன்மந்திரியாக்கினார்கள். கம்யூனிஸ்டுகளே தமக்கு முதல் விரோதி என்று பகிரங்கமாகச் சொன்னவர் அவர்.

அதே ராஜாஜியின் சர்க்கார் ஆகஸ்டில் ஒரு அவசரச் சட்டம் போட்டது. தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். பிறகு சட்டசபையும் அதை நிறைவேற்றியது. விரோதி கையாலே வந்த சட்டம் என்று சிலர் கேலி செய்தார்கள். நான் அதில் கேலியைக் காணவில்லை. ஜில்லாவில் பண்ணைக் களங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. போலீசை வைத்து அடக்கிப் பார்த்தாயிற்று, வோட்டிலும் தோற்றாயிற்று. மிச்சமிருந்த வழி சட்டம்தான். காங்கிரசிலேயே இருந்த மிராசுதார்கள் முணுமுணுத்தார்கள், எதிர்த்தார்கள். சட்டம் நின்றது.

அதில் என்ன இருந்தது? ஐந்தில் ஒன்றும் நான்கில் ஒன்றும் வாங்கிக்கொண்டிருந்த வாரக் குடிக்கு, மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 40. குத்தகை ஐந்து வருஷத்துக்குக் குறையக்கூடாது. பண்ணையாளில் ஆணுக்கு நாளுக்கு இரண்டு மரக்கால் நெல், பெண்ணுக்கு ஒரு மரக்கால். (ஒரே சேற்றில், ஒரே முழங்கால் ஆழத்தில் நிற்கும் பெண்ணுக்கு ஏன் பாதி என்று அப்போது யாரும் சர்க்காரைக் கேட்டதாகத் தெரியவில்லை. நாமும் உரக்கக் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.) தகராறு என்றால் சமரச அதிகாரியிடம் போகலாம், அதற்குமேல் ரெவினியூ கோர்ட்டு. சாணிப்பால் குடித்தவன் மகன், மிராசுதார்மேல் மனுப் போடலாம்! மில் தோழர்களே, உங்களுக்கு இது சாதாரணம். மனு என்ற சொல்லே சேரிக்குப் புதிது.

ஓட்டைகள் எங்கே என்று பார்ப்போம். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்குமேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்குமேல், நிலம் வைத்திருப்பவரை மட்டுமே சட்டம் கட்டியது. அதற்குக் கீழே உள்ளவர்களிடம் வேலை செய்தவனுக்கு ஒன்றுமில்லை. இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரிது. சட்டம் பண்ணையாளைக் காத்தது. அன்றாடக் கூலியைக் காக்கவில்லை. மிராசுதாருக்கு இதைப் புரிந்துகொள்ள வக்கீல்கூடத் தேவைப்படவில்லை. பண்ணையாள் என்று ஒருவன் இருந்தால்தானே இரண்டு மரக்கால்? கணக்கிலிருந்து பேரை அடித்துவிட்டால்? நாளைக்கு வா, நாளைக்குக் கூலி, அவ்வளவுதான். பரம்பரைப் பண்ணையாட்களை நிறுத்தினார்கள். மில்லில் நிரந்தரத் தொழிலாளியைப் பதிலி ஆக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதேதான்.

அடிமைத்தனம் போயிற்றா? போயிற்று. அதில் எனக்குச் சந்தேகமில்லை. சவுக்கைக் கையில் எடுக்கும் தைரியம் போயிற்று. ஆனால் அடிமைக்கு இருந்த மழைக்காலக் கஞ்சியும் கூடவே போயிற்று. விடுதலையும் வேலையின்மையும் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்தன.

இந்த நிலையில்தான் நவம்பர் 30ஆந் தேதி நாகப்பட்டினம் கரையில் புயல் அடித்தது. நானூறு பேர் வரை மாண்டார்கள். சம்பா வயலில் நின்ற மாதம். சட்டம் வந்தபின் முதல் சம்பா! நூற்றுக்கு நாற்பது அளந்து வாங்கப் போகிறோம் என்று காத்திருந்தவனின் கதிர் தண்ணீரில் படுத்தது. கீற்றுக் குடிசை கூரையோடு போயிற்று. அதைத் திரும்பக் கட்ட மண் யாருடையது? மிராசுதாருடையது. பண்ணையிலிருந்து நிறுத்தப்பட்டவன் எந்த முகத்தோடு அந்த மனையில் மூங்கில் ஊன்றுவான்? பெரியவர்கள் சட்டத்தையும் புயலையும் சேர்த்தே சொன்னது இதனால்தான்.

மனைக்கு வழி பிறக்க வருஷங்கள் ஆயின. குடியிருப்பிலிருந்து வெளியேற்றக்கூடாது என்று 1961இல் ஒரு சட்டம். கூலிக்கு என்று தனிச் சட்டம் 1969இல்தான் வந்தது; அதுவும் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்த பிறகு. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்ற சட்டம் 1971இல் வந்தது. மரக்காலுக்கும் மனைக்கும் நடுவே பத்தொன்பது வருஷம்.

சட்டம் வந்துவிட்டது என்பதால் பட்டா கைக்கு வந்துவிடவில்லை. கோயில் மனையிலும் மடத்து மனையிலும் புறம்போக்கிலும் இன்றும் காகிதம் இல்லாமல் குடியிருப்போர் உண்டு. இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். மேடைக்குப் பக்கத்தில் மேஜைமேல் சங்க நோட்டு இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர்ப்பெயர், மனை யாருடைய பேரில் இருக்கிறது, எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள், இந்த மூன்றையும் சொல்லுங்கள். பெண்கள் முதலில் வாருங்கள். இந்தத் தடவை மனு உங்கள் பேரில் எழுதப்படும்.