கப்பலைக் காட்டும் கருவி



பன்னாட்டுப் பயணம் செல்லும் கப்பல்களுள் 300 டன்னுக்குக் குறையாத மொத்தக் கொள்ளளவு உடையவை தம் பெயர், இருப்பிடம், திசை, வேகம் ஆகியவற்றை வானொலி அலைகளால் அறிவித்தல் வேண்டும். 2004-ஆம் ஆண்டு இறுதிக்குள் முழுமை பெற்ற விதி இது. அவ்வறிவிப்பைக் கேட்டுத் திரையிற் காட்டுவதே ஏ.ஐ.எஸ். ஏற்பி. அதனைச் சிறு படகில் அமைக்கும் முறையைச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்வலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. ஆதலின், ஏரியலைப் படகில் இயன்றவரை உயரத்தில் நாட்டுதல் நன்று.

திரையில் ஒன்றும் தோன்றவில்லையா? பதற்றமின்றி வரிசையாக ஆராயுங்கள். முதலில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து ஏரியலின் இணைப்புகளைப் பாருங்கள். உப்புநீர் அவற்றை அரித்திருக்கலாம். பின்னர்ச் செய்தி வேகத்தைப் பாருங்கள். ஏற்பி வழக்கமாக நொடிக்கு 38,400 பிட் வேகத்தில் செய்தி அனுப்பும். திரைக்கருவி பழைய 4,800-இல் அமைந்திருந்தால் ஒன்றும் விளங்காது. ஆசிரியர் விரைந்து சொல்ல, மாணவன் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பது போன்றது அது.

ஒன்றை மறவாதீர்கள். ஏற்பி கேட்குமேயன்றிப் பேசாது. கப்பல் நம் திரையில் தெரிவதனால், நாம் அதன் திரையில் தெரிவதாகக் கருதலாகாது. அறிவிப்புக் கருவியே இல்லாத படகுகளும் பல உள. ஆகவே, திரை வெறுமையாக இருப்பினும், கடலை நாற்புறமும் கண்ணாற் பார்த்த பின்னரே படகைச் செலுத்துங்கள்.