வீட்டுச் சாவி நம் கையிலேயே இருக்கட்டும்!

(புதுக்கோட்டையில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். வீட்டுக்குக் காவல் இருக்கும் காமிரா, வீட்டுக்குள் வரும் இன்டர்நெட் - இவற்றைப் பற்றி நம் கூட்டத்தில் என்ன பேச்சு? இது மாடிவீட்டுக்காரன் கவலையல்லவா? கூலியைப் பற்றிப் பேசு, மனைப்பட்டாவைப் பற்றிப் பேசு என்று கேட்பீர்கள். அவற்றை நாம் விட்டுவிடப் போவதில்லை. ஆனால் இந்தச் சாமான்கள் நம் தெருவுக்கே வந்துவிட்டன. தவணைக்கு விற்கிறார்கள். விற்கிறவன் நன்மையை உரக்கச் சொல்லுவான். விலையை மெதுவாகச் சொல்லுவான். ஆபத்தைச் சொல்லவே மாட்டான். அதை நாம்தான் நமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

திருட என்ன இருக்கிறது?

நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. விடிவதற்கு முன்பே நடவுக்குப் போகிறாள் தாய். இரவு ஷிப்டுக்கு மில்லுக்குப் போகிறான் மகன். வீட்டில் ஒரு கிழவி, இரண்டு குழந்தைகள், நாலு ஆடுகள், ஒரு தகரப்பெட்டி. அந்தப் பெட்டியில் பட்டா, குடும்ப அட்டை, பாங்கிப் புத்தகம், ஒரு ஜோடித் தோடு. பணக்காரன் வீட்டில் பத்துப் பவுன் போனால் அவனுக்குப் பாங்கி லாக்கரில் இன்னொரு ஐம்பது இருக்கும். நம் வீட்டில் ஓர் ஆடு போனால் பிள்ளையின் ஒரு வருஷப் படிப்பே போய்விடும்.

ஆட்டுத் திருட்டு சில்லறைக் குற்றமல்ல. 2021 நவம்பரில், நவல்பட்டுப் போலீஸ் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் ஆடு திருடியவர்களை இரவில் தன்னந்தனியாக விரட்டிக்கொண்டு நம் மாவட்டத்துக் கீரனூர்ப் பக்கம் வந்து, அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஆயுதம் தாங்கும் இலாகாவைச் சேர்ந்தவருக்கே இந்தக் கதி என்றால், தடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கிடை காக்கும் கிழவனின் நிலை என்ன? ஆகவே காவல் என்பது நமக்கும் வேண்டிய ஒன்றே.

முதலில் கதவு, பிறகு காமிரா

ஆனால் எதை முதலில் செய்வது? கதவு ஆடிக்கொண்டிருக்கும் வீட்டில் காமிரா மாட்டுவது, இடுப்பில் துணியில்லாதவன் தலைப்பாகை கட்டுவது போலத்தான். காமிரா திருடனைப் பிடிக்காது, தோழர்களே. அது திருடனைப் பார்க்கும், அவ்வளவுதான். தடுப்பது நல்ல நாதாங்கியும், உறுதியான பூட்டும், வெளிச்சமும், அண்டை வீட்டாரின் கண்ணுமே.

வெளிச்சத்துக்கு இன்று மலிவான வழி இருக்கிறது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானே எரியும் விளக்கு, சூரிய வெளிச்சத்தில் சார்ஜ் ஏறுவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆட்டுக்கொட்டகை வாசலில் ஒன்று, வீட்டுப் பின்புறம் ஒன்று வைத்தால் பாதிக் காவல் முடிந்தது.

அதற்குப் பிறகும் காமிரா வேண்டுமென்றால், வகை தெரிந்து வாங்க வேண்டும். ஒரு வகை வைஃபையில் ஓடும். வீட்டில் இன்டர்நெட் இருந்தால்தான் செய்தி அனுப்பும். மற்றொரு வகை சிம் கார்டில் ஓடும். கொல்லைக்கும் கொட்டகைக்கும் இதுவே தோது. எதுவானாலும் உள்ளே மெமரி கார்டு போடும் வசதி இருக்க வேண்டும். அப்போது சிக்னல் போனாலும் படம் பதிவாகிக்கொண்டிருக்கும். நாள் முழுவதும் படம் அனுப்பச் சொல்லி வைத்தால் டேட்டா காலியாகிவிடும். ஆள் அசைந்தால் மட்டும் அனுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பார்க்கும் காமிராவின் முன்னால் சிலந்தி வலை பின்னும். வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் திருடன் தெரியமாட்டான், சிலந்திதான் தெரியும்.

கஜா புயலையும் மறக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று அந்தப் புயல் கரையைக் கடந்தபோது கந்தர்வகோட்டையும் ஆலங்குடியும் கறம்பக்குடியும் என்ன பாடுபட்டன! மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. நாட்கணக்கில் ஊர்கள் இருளில் கிடந்தன. போன் பேச முடியவில்லை. அந்த நாட்களில் எந்தக் காமிரா காவல் காத்தது? மனிதனுக்கு மனிதன்தான் காவலாக இருந்தான். ஆகவே மின்சாரத்தை மட்டும் நம்பி வீட்டை விடாதீர்கள். பட்டா, அட்டைகளின் நகலை டிஜிலாக்கரிலோ நம்பகமான உறவினரிடமோ வைத்திருங்கள்.

சாவி யாரிடம்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புதிய பூட்டு வாங்கினால் சாவியைக் கடைக்காரனிடமே விட்டுவிட்டு வருவீர்களா? மாட்டீர்கள். ஆனால் காமிராவிலும் வைஃபை பெட்டியிலும் அதைத்தான் செய்கிறோம்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பாஸ்வேர்டு உண்டு. பல கருவிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டாகவே வருகின்றன. ஊரெல்லாம் ஒரே சாவி! 2016-ல் நடந்ததைக் கேளுங்கள். மிராய் என்ற ஒரு கள்ள நிரல், இப்படிப்பட்ட அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உலகெங்கும் கதவு தட்டியது. லட்சக்கணக்கான காமிராக்களும் ரூட்டர்களும் அதன் வசமாயின. அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் அமெரிக்காவின் பெரிய பெரிய இணையதளங்கள் பல மணி நேரம் முடங்கின. வீட்டைக் காக்க வாங்கிய காமிரா, வீட்டுக்காரனுக்குத் தெரியாமலே கொள்ளைக் கூட்டத்துக்கு அடியாளாக வேலை செய்தது!

ஆகவே பெட்டியைத் திறந்த அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபைக்கு ஒன்று, ரூட்டரைத் திருத்துகிற இடத்துக்கு வேறொன்று. பிறந்த தேதியும் போன் நம்பரும் வேண்டாம். உங்களுக்கு மட்டும் தெரிந்த நாலு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். பூட்டின் வகை கேட்டால் டபிள்யூ.பி.ஏ-2 அல்லது டபிள்யூ.பி.ஏ-3 என்று இருக்கட்டும். கம்பெனி திருத்தம் அனுப்பினால் ஏற்றிக்கொள்ளுங்கள். அது கூரை ஓட்டையை அடைப்பது போன்ற வேலை.

இன்னொன்று. காமிராவைப் பொருத்த வருகிற பையன், வேலை சுருக்காக முடியட்டும் என்று தன் போனிலேயே கணக்கைத் திறப்பான். அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் அவன் போகும்போது உங்கள் வீட்டுச் சாவியும் அவனோடு போகிறது. கணக்கு உங்கள் போனில், உங்கள் நம்பரில் இருக்க வேண்டும். வாங்கும்போது அரசு பரிசோதனைச் சான்று உண்டா என்றும் கேளுங்கள். 2025 ஏப்ரல் 9 முதல், பாதுகாப்புப் பரிசோதனையில் தேறிய காமிராக்களையே இந்தியாவில் விற்கலாம் என்று மத்திய சர்க்கார் விதித்திருக்கிறது. பழைய சரக்கைத் தள்ளுபடி என்று தலையில் கட்டுவார்கள், ஏமாறாதீர்கள்.

காமிரா எந்தப் பக்கம் பார்க்கிறது?

காமிரா என்றாலே நமக்குக் கசப்பு உண்டு. மில்லில் அது யாரைப் பார்க்கிறது? முதலாளியின் கணக்கையா? இல்லை, தொழிலாளி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தைப் பார்க்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் நாளுக்கு இருமுறை படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டதே, நினைவிருக்கிறதா? சிக்னல் இல்லாத கண்மாய்க் கரையில் படம் ஏறாவிட்டால் நஷ்டம் யாருக்கு? மண் சுமந்தவளுக்கு!

அந்த அநியாயத்தை நாம் நம் வீட்டில் செய்யக்கூடாது. காமிரா வாசலைப் பார்க்கட்டும், கொட்டகையைப் பார்க்கட்டும். அண்டை வீட்டுத் திண்ணையைப் பார்க்கக்கூடாது. பெண்கள் குளிக்கும் மறைப்பைப் பார்க்கவே கூடாது. ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியின்றிப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையுண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அது பங்களாவுக்கு மட்டும் எழுதிய தீர்ப்பல்ல. ஓலைக் குடிசைக்கும் சேர்த்துத்தான்.

மருமகளைக் கண்காணிக்க, படிக்கும் பெண்ணை வேவு பார்க்க வீட்டுக்குள் காமிரா மாட்டுகிறவன், வீட்டைக் காக்கவில்லை, வீட்டைச் சிறையாக்குகிறான்.

கம்பி நம் வீட்டுக்கும் வரட்டும்

அடுத்தது இன்டர்நெட். பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று இன்னும் கேட்கிறார்கள். விடுதியில் போன் வைத்துக்கொள்ளத் தடை விதித்ததை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி போட்ட வழக்கில், இணையம் பெறுவது கல்வி உரிமையின் பகுதி என்று கேரள ஹைக்கோர்ட் 2019 செப்டம்பரில் சொல்லிவிட்டது. பிள்ளையின் பாடம் அதில் வருகிறது. வேலைக்கு மனுப் போடுவது அதில் நடக்கிறது. இது இன்று ஆடம்பரமல்ல.

ஆனால் கம்பி யாருடையது? 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் செல்போன் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. நம் கூலியை ஒரே வாரத்தில் உயர்த்த என்றாவது இப்படி ஒற்றுமையாகக் கூடினார்களா? அரசுத் துறையான பி.எஸ்.என்.எல். அப்போது உயர்த்தவில்லை. பொதுத்துறை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில்.

ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2011 அக்டோபரிலேயே ஒப்புதல் தந்தது. அதுதான் இன்று பாரத்நெட். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்க டான்ஃபினெட் என்ற அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. அப்போது நம் மாவட்டத்தில் 497 ஊராட்சிகள் இருந்தன. ஊராட்சி ஆபீஸ் வரை கம்பி வந்தால் போதுமா? அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும், காலனிக்கும், குடிசைக்கும் வர வேண்டாமா? கிராமசபையில் இதைக் கேளுங்கள். கம்பி வந்ததா, வேலை செய்கிறதா, எந்தத் தெருவரை வந்தது என்று கணக்குக் கேளுங்கள்.

பக்கத்துக் கேரளத்தில் அரசே கே-ஃபோன் என்ற வலையமைப்பை 2023 ஜூன் 5-ல் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் லட்சியம். தொகுதிக்கு 100 வீடு, 140 தொகுதிக்கு 14,000 வீடு என்று முதற்கட்டம் வகுத்தார்கள். வேலை நினைத்த வேகத்தில் நடக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் இணையம் ஏழையின் உரிமை என்று ஓர் அரசு வாய்திறந்து சொன்னதே, அது சின்ன விஷயமா?

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் அனுமதிக்கப்பட்ட பி.எம்.-வாணி திட்டத்தின்படி டீக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் லைசென்ஸ் இல்லாமலே வைஃபை தரலாம். தெருவில் ஒரு கடை முன்வந்தால் பத்துப் பிள்ளைகள் படிக்கலாம். வீட்டில் இணைப்பு உள்ளவர்கள் பெட்டியை வீட்டின் நடுவில், ஆளுயரத்தில் வையுங்கள். இரும்புப் பீரோவுக்குப் பின்னாலும் தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலும் வைத்துவிட்டு, நெட் வரவில்லை என்று கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. தகரம் அலையை மறிக்கும். தண்ணீர் அதை விழுங்கும். 2.4 என்ற அலை சுவரைத் தாண்டித் தூரம் போகும்; 5 என்ற அலை கிட்டத்தில் வேகமாக ஓடும். கொட்டகைக் காமிராவுக்கு 2.4தான் ஏற்றது.

சட்டைப்பையில் உள்ள கதவு

கம்பி வழியாகப் பாடம் மட்டுமா வருகிறது? கள்ளனும் வருகிறான். இன்று அவன் ஓட்டைப் பிரித்து இறங்குவதில்லை. போனில் கூப்பிடுகிறான், போலீஸ் என்கிறான், பாங்கி என்கிறான். "டிஜிட்டல் கைது" என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையவே கிடையாது. பணம் வாங்க யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போட வேண்டியதில்லை. போடச் சொன்னால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று பொருள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் ரேஷன் கடைக்குப் போகும்போது திறக்கத் தெரிந்துகொண்ட பிறகே பூட்டுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும். ஏமாந்தவன் குற்றவாளியல்ல, ஏமாற்றியவனே குற்றவாளி.

சைக்கிள் கற்ற ஊர் இது

இதெல்லாம் நமக்கு எங்கே வரப்போகிறது என்று மலைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1991-ல் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்கச் செய்தார். கேலி பேசாத வாய் உண்டா? ஆனால் கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் ஏறி மிதித்தார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஊரறிய ஓட்டிக் காட்டினார்கள். எப்படிக் கற்றார்கள்? ஒருத்தி ஓட்ட, ஒருத்தி பிடித்துக்கொண்டு ஓடினாள். தனித்தனியாகக் கற்றிருந்தால் எழுபது பேர்கூடத் தேறியிருக்க மாட்டார்கள்.

அதே வழிதான் இதற்கும். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வீடுவீடாகப் போகட்டும். பாஸ்வேர்டை மாற்றக் கற்றுக்கொடுக்கட்டும். மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். 1930 என்ற எண்ணைக் கதவில் எழுதட்டும். பத்து வீட்டு ஆடுகளுக்குப் பத்துக் காமிரா வேண்டாம். கூட்டாகப் பணம் போட்டு ஒன்று வாங்குங்கள். அது எதைப் பார்க்க வேண்டும், படம் யாரிடம் இருக்க வேண்டும், எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று தெருக்கூட்டம் போட்டு, பெண்களையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

விஞ்ஞானம் யாருக்கும் விரோதியல்ல, தோழர்களே. அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. விற்கிறவன் கையிலா, பார்க்கிறவன் கையிலா, வீட்டில் வாழ்கிறவன் கையிலா? நம் வீட்டுச் சாவி நம் கையிலேயே இருக்கட்டும். இன்றிரவே வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். நாளை காலை பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.