அம்மா படித்துக் காட்டினார்

சுகாதார எழுத்தறிவு என்று இன்றைய தலைப்பைச் சொன்னபோது, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்றுதான் நானும் நினைத்தேன்.

என் அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். மலாயும் வாசிப்பார். சென்ற ஆண்டு கிளினிக்கில் நீரிழிவு மாத்திரை கொடுத்தார்கள். உறையில் "2 பிஜி, 2 காலி செஹாரி" என்றிருந்தது. "பஹாம், மக்சிக்?" என்று கேட்டார்கள். "பஹாம்" என்றார் அம்மா. வீட்டில் என்னிடமும் தடுமாறாமல் வாசித்துக் காட்டினார். ஆனால் சாப்பிட்டதோ காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மாதக் கடைசியில் பாதி மாத்திரை மீதம் இருந்ததைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. "ரெண்டுன்னுதானே போட்டிருக்கு?" என்கிறார்!

அம்மா மட்டுமல்ல. அமெரிக்காவில் 2006இல் வெளிவந்த ஆய்வொன்றில், எழுத்தறிவு குறைந்த நோயாளிகளிடம் இதே வாசகத்தைக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 71 பேர் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணிக் காட்டச் சொன்னபோது, சரியாகக் காட்டியவர்கள் 35 பேர்தான்.

அப்படியானால் எதை அளப்பது? 66 மருத்துவச் சொற்களை உரக்க வாசிக்க வைக்கும் சோதனை ஒன்று உண்டு. மலாயில் வைத்தால் அம்மா நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். 2005இல் வந்த இன்னொன்றில், ஐஸ்கிரீம் டப்பாவின் லேபிளைக் காட்டி 6 கேள்விகள். நானே செய்து பார்த்தேன். ஒரு பங்குக்கு 250 கலோரி, டப்பாவில் 4 பங்கு. முழுவதையும் தின்றால் எவ்வளவு? டிப்ளோமா வாங்கிய நான் 250 என்று சொல்லிவிட்டேன்.

டோன் நட்பீம் என்ற அறிஞர் 2000இல் இதை மூன்று படிகளாகப் பிரித்தார். வாசித்து அதன்படி நடப்பது முதல் படி. மருத்துவரிடம் கேட்டுப் பேசித் தெளிவது அடுத்தது. வாட்ஸ்அப்பில் வரும் பாகற்காய் வைத்தியத்தை நம்பலாமா என்று எடைபோடுவது மூன்றாவது.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வு, பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு இந்த அறிவு குறைவு என்றது. ஆனால் அந்த 18 கேள்விகளுக்கும் எளிது, கடினம் என்று மக்களே சொன்ன பதில்கள்தாம் அவை. அம்மாவைக் கேட்டிருந்தால் "எளிது" என்றிருப்பார். நானும்தான்.

போன மாதம் மருந்து முகப்பில் இருந்த இளம்பெண், "பஹாம்?" என்று கேட்கவில்லை. ஒரு நாளுக்குரியதை எடுத்துக் காட்டச் சொன்னார். அம்மா நான்கை உள்ளங்கையில் வைத்தார். பிறகு, "இந்த வெள்ளை மாத்திரை எதுக்கு?" என்று அவரே கேட்டார்.