அறிவிக்கையில் இல்லாத தகுதிகள்



"ஐ.ஏ.எஸ். எழுதணும்னு ஆசைதான் சார். ஆனா நான் தமிழ் மீடியம்." கல்லூரி முடிக்கும் பிள்ளைகள் இப்படிச் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தமிழ் மீடியம், அரியர் வைத்துப் பாஸ் செய்தது, டெல்லிக்குப் போய்ப் படிக்க வசதியில்லாதது என்று காரணம்தான் மாறும். ஆசையைச் சொன்ன வாயாலேயே அதை மறுத்தும் விடுகிறார்கள். கேட்கும்போது மனம் வலிக்கிறது.

ஐ.ஏ.எஸ். தேர்வுக்கான மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கை ஆண்டுதோறும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அது கேட்பது அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் ஏதாவதொரு பட்டம். என்ன பாடம், எத்தனை சதவீதம் என்ற பேச்சே இல்லை. இறுதியாண்டு மாணவரும் முதல்நிலைத் தேர்வு எழுதலாம். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முதன்மைத் தேர்வில் கட்டுரையையும் பொது அறிவுத் தாள்களையும் தமிழிலேயே எழுதலாம். நேர்முகத் தேர்விலும் தமிழில் பேசலாம். தமிழக அரசே சென்னையில் இலவசப் பயிற்சி மையம் நடத்துகிறது. நுழைவுத் தேர்வில் தேறினால் இடம் உண்டு.

அதற்காகத் தடையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். முதன்மைத் தேர்வின் ஆங்கிலத் தாளில் 300க்கு 75 எடுக்காவிட்டால் மற்ற தாள்களின் மதிப்பெண் கணக்கில் வராது. ஆகவே ஆங்கிலம் தேவைதான். ஆனால் எவ்வளவு? கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ளவும், பத்தாம் வகுப்புத் தரத்தில் பிழையில்லாமல் எழுதவும் தெரிந்தால் போதும். நுனிநாக்கு ஆங்கிலத்தை யாரும் கேட்கவில்லை. நாளிதழைத் தினமும் அகராதியோடு படிக்கும் பிள்ளைக்கு இது எட்டாத உயரமல்ல.

இன்னொரு தடை வயது. பொதுப்பிரிவினருக்கு 32 வயதுவரை, 6 முறை. சலுகைக்கு உரிய பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயதுவரை, 9 முறை. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 37 வயதுவரை. சரளமாக ஆங்கிலம் பேச வரட்டும், கையில் பணம் சேரட்டும் என்று தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கணக்கில்தான் கழிகிறது. யாரும் கேட்காத தகுதிக்காகக் காத்திருந்து, கேட்கிற தகுதியை இழந்துவிடுகிறார்கள்.

பெற்றோரே, ஆசிரியர்களே, அடுத்த அறிவிக்கை வந்ததும் இப்படித் தயங்கும் பிள்ளையின் கையில் கொடுத்து முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். அதில் இருப்பதற்கு மட்டும் தயாராகட்டும். அறிவிக்கையும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். அதை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்வதே இந்தத் தேர்வுக்கு முதல் பயிற்சி.