கறுப்பு மைப் பேனா

மேடையில் இருப்பவர்களின் பெருமைகளை வரவேற்புரையிலேயே சொல்லிவிட்டார்கள். இன்று பட்டம் வாங்கும் நீங்களோ இந்த வெக்கையில் அங்கியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பூந்தமல்லி நீதிமன்றத்தில் தொழில் பழகி, அங்கேயே தலை நரைத்தவன் நான். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தபோது சட்டக் கல்லூரி மாணவன். ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் போய்வருவேன். அந்த நாட்களில் வகுப்புக்கு யார் போனது? ஊர்வலம், கோஷம், உண்டியல். அகதிகளுக்காக வீடு வீடாகத் துணி கேட்டோம். அம்பத்தூரில் ஒரு பெரியவர் தன் கல்யாணத்துக்குத் தைத்த கம்பளிக் கோட்டைத் தூக்கிக் கொடுத்தார். மண்டபம் அகதிகள் முகாமின் வெயிலில் அதை யார் போட்டுக்கொண்டார்களோ!

அதன் பிறகு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலங்கையிலிருந்து கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர் தங்கிவிட்டார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள்' என்ற சொல்லை நீக்கி 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் வைத்தது. 7,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டித்தர முன்வந்தது. குடும்பத் தலைவருக்கான உதவித்தொகையை மாதம் 1,500 ரூபாய் ஆக்கியது. நல்ல காரியங்கள். ஆனால் முகாமில் சோற்றைவிடக் காகிதத்துக்குத்தான் பஞ்சம் என்பது என் கட்சி.

புழல் காவாங்கரை முகாமுக்கு நண்பர் ஒருவர் அழைத்துப்போனார். சட்ட உதவி செய்ய மேசை போட்டு உட்கார்ந்தோம். ஓர் அம்மா பிளாஸ்டிக் பையை அவிழ்த்து என் முன்னால் கொட்டினார். "தம்பி, இதுகளை ஒருக்காப் பாருங்கோ." மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. பிறப்புச் சான்றில் மகள் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் முழுசாக இருந்தது, அவர்கள் ஊர் வழக்கப்படி. பள்ளிச் சான்றிதழில் அதைச் சுருக்கி ஓரெழுத்து இனிஷியல். முகாம் அட்டையில் தாத்தா பெயரே இனிஷியலாகிவிட்டது. கொலை வழக்குகளை நடத்தியவன், ஒரு பெண்ணின் பெயரோடு பிற்பகல் முழுக்க மல்லுக்கட்டினேன். கடைசியில், இந்த மூன்று பேரும் ஒருத்தியேதான் என்று பிரமாணப் பத்திரம் எழுதினோம். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூண்டு பிள்ளையெண்டா மூண்டு பேருக்கும் காசு தருவினமோ?" என்று கேட்டார்.

சிரிக்க முடியாத இடமும் உண்டு. நம் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூன் 30-ஆம் தேதி வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். ஜூலை 1-ஆம் தேதி பிறந்தவருக்கோ பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019-இல் வந்த திருத்தத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் அந்த ஜூன் 30 விதியைப் பிடித்துக்கொண்டுதான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022-இல் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2024 தேர்தலில் வாக்களித்தார். அவர் கையில் பிறப்புச் சான்றிதழ் இல்லாதிருந்தால்? திரும்பிப் போக நினைப்பவர்களுக்கும் இதே கதைதான்: இங்கே பிறந்த குழந்தையைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இப்படிப்பட்ட காகித வேலையில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. அதில் உழைத்தவர்கள் பெரும்பாலும் அகதிகளே.

தொண்டு செய்ய ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் வருவார்கள். அரிசி மூட்டை, போர்வை, ஒரு புகைப்படம் என்றே அவர்கள் திட்டம் இருக்கும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கணக்கும் கணினியும் படித்தவர்கள். எந்த இணையதளம் எந்தக் கட்டத்தில் மக்கர் செய்யும் என்று உங்களுக்குத் தெரிகிற அளவு எனக்குத் தெரியாது. வாரம் ஒரு மாலை போய், ஒரு குடும்பத்தின் பையை மட்டும் எடுத்து, அதை முடித்துவிட்டு அடுத்த பைக்குப் போங்கள்.

புழல் முகாம் தூரமில்லை, அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் சாலையில் போனால் பக்கம்தான். நினைத்தவுடன் முகாமுக்குள் நுழைய முடியாது. மறுவாழ்வுத் துறையிடம் அனுமதி கேளுங்கள், கல்லூரி மூலம் கேட்டால் சுலபம். முகாமைக் கவனிக்கும் வருவாய் ஆய்வாளரிடம் (ஆர்.ஐ.) முதலில் பேசுங்கள். அசல் ஆவணத்தை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். அங்கேயே நகல் எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். பேனா கறுப்பு மையாக இருக்கட்டும், நீல மையில் எழுதியதைத் திருப்பி அனுப்பும் மேசைகள் இன்னும் இருக்கின்றன.